தம்புராவும் மிருதங்கமும் 128 கேபிபிஎஸ்ஸும்: சி.வி. ராமனின் இன்னொரு கதை

சி.வி. ராமன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒளிச்சிதறல், 1930 நோபல், பிப்ரவரி 28. அதெல்லாம் பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சு. ஆனா ஒளிக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் பல வருஷம் மல்லுக்கட்டினது ஒலியோட. விழுப்புரம் ரயில்ல நீங்க காதுல மாட்டிக்கிட்டு வர்ற எம்பி3 பாட்டைப் புரிஞ்சுக்க அந்த ராமன்தான் வேணும்.

1888 நவம்பர் 7, திருவானைக்காவல்ல பிறந்தார். சென்னை பிரெசிடென்சி காலேஜ்ல எம்.ஏ., 1907ல கல்கத்தாவில் அரசு நிதித்துறை உத்தியோகம். ஆபீஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் பவ்பஜார் தெரு ஆய்வுக்கூடத்துக்கு ஓடிடுவார். 1917ல சம்பளம் குறையும்னு தெரிஞ்சே வேலையை விட்டுட்டு கல்கத்தா பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஆனார்.

அவர் கையில் எடுத்தது நம்ம மிருதங்கத்தை. சாதாரண தோல் மேளத்துல மேல்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணைப் போல 1.59, 2.14, 2.30 மடங்குன்னு கோணல்மாணலா வரும். வலந்தலை நடுவுல அந்தக் கறுப்புக் கரணையைப் பூசினா 2, 3, 4, 5 மடங்குன்னு வரிசைக்கு வந்துடுது. தோல் மேல மணலைத் தூவி, அது எங்கெங்க ஒதுங்குதுன்னு பார்த்தே இதைப் பிடிச்சார். 1920ல சிவகாளி குமாரோட சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார்.

தம்புரா இன்னும் சுவாரசியம். கம்பியை மீட்டுற இடத்துல எந்த மேல்சுரத்துக்குக் கணு விழுதோ, அது ஒலிக்கவே கூடாதுங்கறது அப்போதைய விதி. தம்புராவில ஒலிக்குது! குதிரையோட வளைவும், கம்பிக்கு அடியில வைக்கிற அந்தத் துளி நூலும்தான் காரணம்னு 1921ல காட்டினார்.

இப்ப உங்க போனுக்கு வாங்க. சிடியில ஒரு வினாடிக்கு 1411 கிலோபிட். 128 கேபிபிஎஸ் எம்பி3ல அதுல பதினொண்ணுல ஒரு பங்குதான். காது கவனிக்காதுன்னு கணக்குப் போட்டதை எல்லாம் என்கோடர் கழிச்சுடும். பாட்டைச் சுமார் 26 மில்லிவினாடித் துண்டுகளா எடுத்துத்தான் இந்த வேலை நடக்குது. பிட் பத்தலைன்னா, மிருதங்கத்துல அடி விழறதுக்கு முன்னாடியே அதோட இரைச்சல் லேசா கசியும், 'தீம்' மழுங்கிடும். தம்புராவோட மேல்சுரங்கள் ஒரு துண்டுல இருக்கும், அடுத்ததுல இருக்காது. 64ல கேட்டா தண்ணிக்குள்ள யாரோ மீட்டுற மாதிரி இருக்கும். அதாவது, ராமன் மெனக்கெட்டு 'இருக்கு'ன்னு காட்டினதுதான் முதல்ல அடிபடுது.

சோதிச்சுப் பாருங்க. ஆனா விழுப்புரத்துல ஏறி திண்டிவனத்துல இறங்குறதுக்குள்ள இல்ல. வண்டிச் சத்தமே பாதியை மறைச்சிடும், 128ம் 320ம் ஒண்ணுதான். ராத்திரி ஹாஸ்டல்ல, ஒரே சிடியில இருந்து 64, 128, 320ன்னு மூணு ஃபைல் எடுங்க. ஒரே வால்யூம். எது எதுன்னு சொல்லாம நண்பன் மாத்தி மாத்திப் போடட்டும். 64 உடனே மாட்டும். 128ல தம்புரா காட்டிக்கொடுக்கலாம். 192க்கு மேலயும் கண்டுபிடிப்பேன்னு சொல்றவரை இருபது தடவை சொல்லச் சொல்லுங்க, அப்புறம் நம்பலாம்.

இதுல நம்ம ஊருக்கு ஒரு விஷயம் இருக்கு. இந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல தெருக்கூத்து நடந்தா விடிய விடிய போன்ல பதிவு பண்றீங்க. முகவீணை, மிருதங்கம், தாளம், எல்லாமே மேல்சுரம் நிறைஞ்சது. அதைச் சுருக்கி குரூப்ல அனுப்பிட்டு, இடம் இல்லைன்னு மூலத்தை அழிச்சுடாதீங்க. 64ல போனது 320க்கு மாத்தினாலும் திரும்ப வராது, ஃபைல்தான் வீங்கும். முடிஞ்சா வேவ் ஃபைலாவே பதிவு பண்ணி, அப்படியே வச்சிருங்க.

ராமன் 1933ல பெங்களூர் போனார். 1970 நவம்பர் 21ல அங்கேயே காலமானார். நோபல் வாங்கி நாலு வருஷம் கழிச்சு, 1934ல, மறுபடியும் மிருதங்கத்தைப் பத்தி விரிவா ஒரு கட்டுரை எழுதினார்: ஒன்பது அதிர்வு வகைகள் சேர்ந்து அஞ்சு சுரத்துல எப்படி அடங்குதுன்னு.