ஆர்தர் சி. கிளார்க்

சர் ஆர்தர் சார்லஸ் கிளார்க் (டிசம்பர் 16, 1917 – மார்ச் 19, 2008) இங்கிலாந்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்து மறைந்த அறிவியல் புனைகதை எழுத்தாளரும் அறிவியல் கட்டுரையாளரும் ஆவார். செயற்கைக்கோள்கள் வழியாக உலகம் முழுவதும் செய்தித் தொடர்பு கொள்ள இயலும் என்பதை 1945ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டியவர். 1973இல் வெளிவந்த இவரது ராமாவுடன் சந்திப்பு (ரான்டெவூ வித் ராமா) என்னும் புதினம் துப்புத் துலக்கும் கதையின் விறுவிறுப்பையும் விண்வெளிப் பயணத்தையும் ஒன்றிணைத்த படைப்புகளுள் முதன்மையானது. 1956 முதல் இறக்கும் வரை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவர் இலங்கையையே தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார்.

இளமைக் காலம்

இங்கிலாந்தின் சமர்செட் மாவட்டத்தில் உள்ள மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரில் கிளார்க் பிறந்தார். இவரது குடும்பம் வேளாண்மை செய்து வந்தது. தந்தை முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டவர். கிளார்க்குக்குப் பதின்மூன்று வயதானபோது காலமானார். அதன் பின்னர் தாயே பண்ணையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்.

கிளார்க் சிறுவயதில் தொல்லுயிர்ப் படிவங்களைச் சேகரித்தார். தாமே தொலைநோக்கி செய்து நிலவை ஆராய்ந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த மலிவு விலை அறிவியல் கதை இதழ்களும், ஊர் நூலகத்தில் கிடைத்த ஓலாஃப் ஸ்டேப்பிள்டனின் புதினமும் இவரை அறிவியல் புனைகதையின்பால் ஈர்த்தன. டான்டன் நகரில் பள்ளிப் படிப்பை முடித்தபின் பல்கலைக்கழகம் செல்லப் பண வசதி இல்லை. எனவே 1936இல் இலண்டன் சென்று, ஆசிரியர்களின் ஓய்வூதியக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அரசுப் பணியில் சேர்ந்தார். விண்வெளிப் பயணம் வெறுங்கனவு என்று பலரும் கருதிய அக்காலத்தில், பிரித்தானியக் கோளிடைச் சங்கத்தில் உறுப்பினராகி அதன் பணிகளில் ஈடுபட்டார். பிற்காலத்தில் இருமுறை அச்சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

போர்க்காலமும் செயற்கைக்கோள் கருத்தும்

இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் 1946 வரை பிரித்தானிய வான்படையில் ரேடார் பிரிவில் பணியாற்றினார். மூடுபனியிலும் இருளிலும் வானூர்திகளைத் தரையிலிருந்து வழிநடத்தி இறக்கும் கருவியைச் சோதிக்கும் குழுவில் இவர் இருந்தார்.

அக்டோபர் 1945இல் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் இவரது கட்டுரை ஒன்று வெளியானது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். ஆகவே தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். இத்தகைய பாதை இருப்பதை வேறு சிலரும் முன்பே எழுதியிருந்தனர். அப்பாதையில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் வானொலி, தொலைக்காட்சி அலைகளை அஞ்சல் செய்யலாம் என்று விரிவாகக் கணக்கிட்டுக் காட்டியதே கிளார்க்கின் பங்களிப்பு. அவர் இதற்குக் காப்புரிமை எதுவும் பெறவில்லை. 1964இல் ஏவப்பட்ட சின்காம் 3 இப்பாதையில் நிலைநிறுத்தப்பட்ட முதல் செயற்கைக்கோள் ஆகும். இப்பாதை கிளார்க் சுற்றுப்பாதை என்றும் அழைக்கப்படுகிறது.

போர் முடிந்தபின் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 1948இல் கணிதத்திலும் இயற்பியலிலும் முதல் வகுப்பில் தேறினார். சிறிது காலம் இயற்பியல் ஆய்வுச் சுருக்க இதழொன்றின் துணை ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1951இல் வெளிவந்த விண்வெளி ஆய்வு பற்றிய நூல் அமெரிக்காவில் பெரும் வரவேற்பைப் பெற்றதைத் தொடர்ந்து முழுநேர எழுத்தாளரானார். 1953இல் வெளியான சைல்ட்ஹுட்ஸ் எண்ட் என்னும் புதினம் இவரது புகழை நிலைநாட்டியது.

இலங்கை வாழ்க்கை

1954ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் பவளப் பாறைகளில் மூழ்கி ஆராயச் செல்லும் வழியில் கிளார்க்கின் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் நின்றது. அந்த அரை நாள் தங்கல் அவரது வாழ்க்கையையே மாற்றியது. 1956இல் நண்பர் மைக் வில்சனுடன் இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். நீருக்கு அடியில் மூழ்குபவர் எடையற்ற நிலைக்கு நெருக்கமான உணர்வைப் பெறுகிறார் என்பதே ஆழ்கடல் மூழ்குதலில் இவருக்கு ஆர்வம் உண்டானதற்குக் காரணம்.

அதே ஆண்டில் இருவரும் திருகோணமலையில் சுவாமி மலையின் அடிவாரத்துக் கடலில் மூழ்கினர். அம்மலை மீது இருந்த பழைய கோணேசர் கோயிலை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். எஞ்சியவற்றுள் பல கடலில் வீழ்ந்தன. செதுக்கு வேலைப்பாடு கொண்ட கற்களும் தூண்களும் பாறைகளுக்கிடையே சிதறிக் கிடப்பதை அவர்கள் கண்டனர். இந்த அனுபவத்தைக் கிளார்க் 1957இல் வெளியான தப்ரபேனின் பவளப் பாறைகள் பற்றிய நூலில் விவரித்துள்ளார்.

1961இல் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் உள்ள பெரிய பாசஸ் பாறைத்திட்டில் வில்சனும் உடன் சென்றவர்களும் மூழ்கிய கப்பல் ஒன்றைக் கண்டுபிடித்தனர். அதில் மூட்டைகளாக இறுகிக் கிடந்தவை அவுரங்கசீப் காலத்தில் சூரத் நகரில் 1702இல் அச்சிடப்பட்ட வெள்ளி ரூபாய்கள். நாணயங்களின் ஊரும் ஆண்டும் தெரிந்தன; கப்பலின் பெயர் தெரியவில்லை. இத்தேடலைப் பற்றியும் கிளார்க் 1964இல் ஒரு நூல் எழுதினார்.

1962இல் கிளார்க்கை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. சில மாதங்கள் படுக்கையில் கிடந்து மீண்டு, திரும்பவும் கடலில் இறங்கினார். ஆனால் அந்நோயின் பின்விளைவு முதுமையில் திரும்பியது. 1988இல் இது உறுதி செய்யப்பட்டது. இறுதி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியிலேயே கழித்தார். நடக்க இயலாத காலத்திலும் நீருக்கடியில் தடையின்றி இயங்க முடிந்ததால் மூழ்குவதை அவர் எளிதில் கைவிடவில்லை.

திரைப்படம்

1964இல் இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக் ஓர் அறிவியல் திரைப்படத்துக்காகக் கிளார்க்கை அணுகினார். 1951இல் வெளியான தி சென்டினல் என்னும் சிறுகதையின் கரு விரிவாக்கப்பட்டு, 1968இல் 2001: எ ஸ்பேஸ் ஒடிசி என்ற திரைப்படமாகவும் புதினமாகவும் வெளிவந்தது. மறு ஆண்டு அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளக்கம் அளித்தவர்களுள் கிளார்க்கும் ஒருவர். வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் எழுதிய வேற்றுலக உயிரி பற்றிய திரைக்கதை அமெரிக்க நிறுவனத்தை எட்டியதற்கும் கிளார்க்கின் அறிமுகமே தொடக்கம். எனினும் அப்படம் எடுக்கப்படவில்லை.

ராமாவுடன் சந்திப்பு

1973இல் வெளிவந்த இப்புதினத்தின் கதை 22ஆம் நூற்றாண்டில் நிகழ்கிறது. 2077இல் இத்தாலியின் வடபகுதியில் ஒரு விண்கல் வீழ்ந்து பேரழிவு ஏற்படுகிறது. அதன் பிறகு, பூமியை நெருங்கும் பொருள்களை முன்கூட்டியே அறிய ஸ்பேஸ்கார்டு என்னும் கண்காணிப்பு அமைப்பு உருவாக்கப்படுகிறது. வியாழனுக்கு அப்பாலிருந்து வரும் ஒரு பொருளை அது கண்டுபிடிக்கிறது. கிரேக்க, உரோமானியத் தொன்மங்களின் பெயர்கள் யாவும் தீர்ந்துபோனதால் வானியலாளர்கள் இந்துத் தொன்மங்களிலிருந்து பெயர் எடுக்கும் காலம் அது. ஆகவே அப்பொருளுக்கு ராமா என்று பெயர் சூட்டப்படுகிறது.

அது விண்கல் அன்று என்பது விரைவில் தெரியவருகிறது. சுமார் 50 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் குறுக்களவும் கொண்ட வழுவழுப்பான உருளை அது. நான்கு நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. சூரியனை நெருங்கிப் பின் விலகிவிடும் அதனை எட்டிப் பிடிக்கக்கூடிய தொலைவில் இருப்பது எண்டெவர் என்ற ஒரே கலம்தான். கலத்தின் தலைவர் நார்ட்டன், 18ஆம் நூற்றாண்டுக் கடலோடி ஜேம்ஸ் குக்கைப் போற்றுபவர்; கலத்தின் பெயரும் குக்கின் கப்பலின் பெயரே.

நார்ட்டனின் குழு உள்ளே நுழைந்து இருளில் விளக்கொளியுடன் இறங்குகிறது. உருளையின் உட்சுவர் முழுவதும் நிலம். நடுவே வளையமாகச் சுற்றி வரும் உறைந்த கடல். ஆளில்லா நகரங்கள் போன்ற கட்டடத் தொகுதிகள். உருளை சுழல்வதால் உட்சுவரில் நிற்பவருக்கு எடை உண்டாகிறது. சூரிய வெப்பம் ஓட்டின் வழியாக ஊடுருவியதும் கடல் உருகுகிறது, காற்று சூறாவளியாக வீசுகிறது, விளக்குகள் எரிகின்றன, உயிரியும் எந்திரமுமான பணியாளர்கள் தோன்றுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் கிளார்க் இயற்பியல் விதிகளின்படி காரணம் காட்டுகிறார். இதற்கிடையே, புதன் கோளில் குடியேறிய மனிதர்கள் அச்சத்தால் ராமாவை அழிக்க அணுகுண்டு தாங்கிய ஏவுகணையை அனுப்புகின்றனர். அதனைச் செயலிழக்கச் செய்வதா, விட்டுவிடுவதா என்று நார்ட்டன் முடிவு செய்ய வேண்டியுள்ளது. அறியாத ஒன்றை அஞ்சி அழிப்பது சரியா என்பதே புதினம் எழுப்பும் அறக் கேள்வி. அவர் ராமாவைக் காப்பாற்றவே முடிவெடுக்கிறார்.

ஆனால் ராமாவைக் கட்டியவர் யார், எதற்காக அனுப்பினர் என்பவை கடைசி வரை தெரிவதில்லை. சூரியனிலிருந்து ஆற்றலைப் பெற்றுக்கொண்டு, மனிதர்களைச் சற்றும் பொருட்படுத்தாமல், அது பெரிய மெகல்லன் முகில் இருக்கும் திசையில் சென்று மறைகிறது. துப்பறியும் கதையில் இறுதியில் முடிச்சு அவிழும். இங்குத் தடயங்கள் மட்டுமே கிடைக்கின்றன. அறிவியலில் விடை கிடைக்காத கேள்வியை விடையற்றதாகவே விட வேண்டும் என்னும் நேர்மையை இந்த முடிவில் காணலாம். கதைமாந்தர்கள் ஆழமாகப் படைக்கப்படவில்லை என்ற குறை இந்நூல்மீது கூறப்பட்டாலும், ஹியூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளையும் இது பெற்றது. பின்னர் ஜென்ட்ரி லீயுடன் இணைந்து வெளியிட்ட மூன்று தொடர்ச்சி நூல்களில் (1989–1993) புதிர்களுக்கு விடைகள் தரப்பட்டன. எனினும் முதல் நூலுக்குக் கிடைத்த மதிப்பு அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

பிற்காலப் பணிகள்

1975–76இல் இந்தியா செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பிச் சோதித்தது. அப்போது இந்திய விண்வெளிப் பொறியாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் வீட்டிலும் ஓர் அலைவாங்கியை நிறுவினர். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல்தான் தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாளில் கணக்கிட்டது தம் வீட்டிலேயே இயங்குவதை அவர் கண்டார்.

1979இல் வெளிவந்த தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ் பூமியிலிருந்து விண்ணுக்குச் செல்லும் மின்தூக்கியைப் பற்றியது. சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் ஒத்த இடங்கள் இதில் வருகின்றன. விண்தூக்கிக்கு நிலநடுக்கோடு தேவை என்பதால், கதைக்காக இலங்கையைத் தெற்கே நகர்த்தி வைத்திருந்தார். இந்நூலும் ஹியூகோ, நெபுலா விருதுகளைப் பெற்றது. 1980இல் உலகின் விளங்காத நிகழ்வுகளை ஆராயும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றையும் வழங்கினார்.

1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கினார். 1984இல் இவரது பெயரில் நவீன தொழில்நுட்ப நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. இந்தியாவின் கலிங்கா அறக்கட்டளை நிதியுதவியுடன் யுனெஸ்கோ வழங்கும் கலிங்கா பரிசு (1961), பிரித்தானிய அரசின் சர் பட்டம், இலங்கையின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான ஸ்ரீலங்காபிமான்ய (2005) ஆகியவை இவர் பெற்ற சிறப்புகளுள் சில. ஒரு சிறுகோளுக்கும், ஆஸ்திரேலியாவில் கிடைத்த ஒரு தொன்மா இனத்துக்கும் இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.

மறைவு

கிளார்க் மார்ச் 19, 2008 அன்று கொழும்பில் தமது 90ஆம் வயதில் காலமானார். அவரது விருப்பப்படி எவ்விதச் சமயச் சடங்கும் இன்றிக் கொழும்பு பொது மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பிரெடரிக் போலுடன் இணைந்து எழுதிய தி லாஸ்ட் தியரம் என்னும் அவரது கடைசிப் புதினம் அதே ஆண்டில் அவரது மறைவுக்குப் பின் வெளிவந்தது. அதன் நாயகன் ரஞ்சித் சுப்பிரமணியன் என்னும் தமிழ் இளைஞன். திருகோணமலைக் கோணேசர் கோயில் தலைமை அர்ச்சகரின் மகன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கடலடியில் தாம் கண்ட கோயிலின் ஊரிலேயே கிளார்க் தம் கடைசிக் கதையைத் தொடங்கினார்.

தாக்கம்

பூமியை நெருங்கும் விண்கற்களைக் கண்காணிக்கும் திட்டத்தை நாசா 1992இல் முன்வைத்தபோது, கிளார்க் புதினத்தில் சூட்டிய ஸ்பேஸ்கார்டு என்ற பெயரே அதற்கு இடப்பட்டது. அக்டோபர் 2017இல் ஹவாய்த் தீவுகளிலுள்ள தொலைநோக்கி, வேறொரு விண்மீன் பகுதியிலிருந்து சூரியக் குடும்பத்துக்குள் வந்த பொருளை முதன்முறையாகக் கண்டறிந்தது. நீள்வடிவம் கொண்டதாகக் கருதப்பட்ட அது சூரியனைச் சுற்றிவிட்டு விலகிச் சென்றது. அதற்கு ஓமுவாமுவா என்னும் ஹவாய் மொழிப் பெயர் இடப்பட்டது. எனினும் வானியலாளர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது ராமாவே. அது இயற்கையான பொருள் என்பதே பெரும்பாலான அறிவியலாளரின் கருத்து. அதன் இயல்பு முழுமையாக விளங்குவதற்கு முன்பே அது தொலைநோக்கிகளின் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது.