தன் தொடையிலேயே சோதித்துப் பார்த்த டாக்டர்

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் இப்போது நம் குடியிருப்பில் யாரும் அதிகம் பயப்படுவதில்லை. சில நாட்களிலேயே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க வைத்துவிடுகிறார்கள். இதற்கு வழி போட்டவர் இங்கிலாந்தின் எலும்பு மருத்துவர் சர் ஜான் சார்ன்லி. அவர் பெற்ற வெற்றியைவிட, ஒரு பெரிய தோல்வியை எதிர்கொண்ட விதம்தான் எனக்குப் பிடித்தது.

1911-ல் லங்காஷயர் பகுதியில் பரி என்ற ஊரில் பிறந்தார். அப்பா மருந்துக்கடைக்காரர், அம்மா நர்ஸ். மான்செஸ்டரில் மருத்துவம் படித்து, இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். போர் முடிந்ததும், எலும்பு ஒட்டு எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கத் தன் கால் எலும்பிலேயே ஒரு சோதனை செய்யச் சொன்னார். அதில் சீழ் பிடித்து மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. மனிதர் அத்துடன் அடங்கவில்லை!

அக்காலத்தில் பிளாஸ்டிக் மூட்டு பொருத்திய ஒருவருக்கு, குனிந்தால் இடுப்பிலிருந்து 'கிறீச்' சத்தம் வந்ததாம். மனைவியால் உடன் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. இதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். சார்ன்லி உராய்வை ஆராயத் தொடங்கினார். சிறிய உலோகக் குண்டு, அது சுழல வழுக்கும் கிண்ணம், இரண்டையும் எலும்பில் பதிக்கப் பல் டாக்டர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் சிமென்ட் என்று முடிவு செய்தார். கிண்ணத்துக்கு டெஃப்லான், அதாவது நான்ஸ்டிக் தவாவில் பூசுகிற அதே பொருள். ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தினார். வலி போயிற்று, நடந்தார்கள்.

சில ஆண்டுகளில் எல்லாம் கெட்டது. டெஃப்லான் தேய்ந்து பொடி உதிர்ந்தது. அந்நியப் பொருளை விழுங்கி அழிப்பது நம் உடலின் காவல் செல்களான மேக்ரோஃபேஜ்களின் வேலை. விழுங்கின, ஆனால் செரிக்க முடியவில்லை. வீக்கமும் கட்டியுமாகி, சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்பட்டு மூட்டு ஆடத் தொடங்கியது. வாராக்கடனை அடுத்த மேனேஜர் தலையில் கட்டிவிட்டு மாற்றல் வாங்கிப் போவதுபோல அவர் போகவில்லை. அந்த நோயாளிகளை அழைத்து, மறு ஆபரேஷன்களைத் தானே செய்தார்.

1962-ல், நெசவுத் தறிகளுக்கான பல்சக்கரம் செய்யும் ஒருவகைப் பாலிஎத்திலீன் அவர் பட்டறைக்கு வந்தது. சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து, உதவாது என்று தள்ளிவிட்டார். பட்டறை டெக்னீஷியன் ஹாரி கிரேவன் விடவில்லை. டாக்டர் வெளியூர் போன சமயம் அதைத் தேய்மான மெஷினில் மாட்டி ஓட்டினார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர்களுக்கு கிரேவனை நன்றாகப் புரியும்.

தேயாவிட்டால் மட்டும் போதுமா, உடல் ஏற்குமா? டெஃப்லானையும் புதுப் பொருளையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஒன்பது மாதத்தில் டெஃப்லான் வைத்த இடம் கட்டியாகி, ஏறக்குறைய இரண்டு மடங்கு பருத்தது. பாலிஎத்திலீன் இருக்கும் இடமே தெரியவில்லை. இதற்கிடையே, 1962 நவம்பரிலேயே புதுக் கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கியிருந்தார். ஆனால் சில ஆண்டு முடிவுகளைப் பார்க்காமல் அதைப் பொதுவிற்பனைக்கு விடவில்லை. இறந்தபின் மூட்டை எடுத்து ஆராய அனுமதி தருமாறு நோயாளிகளிடம் கேட்டார், பலரும் சம்மதித்தார்கள். 1977-ல் சர் பட்டம் பெற்றார், 1982-ல் காலமானார்.

பாலிஎத்திலீனும் மெல்லத் தேயும் என்பதும், அந்தப் பொடியும் அதே செல்களைத் தூண்டும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. இப்போது அதிகம் தேயாத பிளாஸ்டிக் வந்துவிட்டது. விஞ்ஞானிகள் இன்னொரு வழியும் தேடுகிறார்கள். மேக்ரோஃபேஜ்கள் முதலில் சண்டை போட்டுக் குப்பையை அகற்றும். பிறகு பழுதுபார்க்கும் குணத்துக்கு மாற வேண்டும். சண்டையிலேயே நின்றுவிட்டால் இம்பிளான்டைச் சுற்றி எலும்புக்குப் பதில் தழும்புத் திசு வளரும். அவற்றை அடியோடு அடக்கினாலோ எலும்பு கூடுவதே தாமதமாகும். ஆகவே உலோகத்தின் மேற்பரப்பையும் பூச்சையும் மாற்றி, அவற்றைச் சரியான நேரத்தில் பழுதுபார்ப்புக்குத் திருப்பப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் இது இன்னும் ஆய்வுக்கூட அளவில்தான் இருக்கிறது.

மூட்டைச் சுற்றி எலும்பு கரைவது ஆரம்பத்தில் வலிக்காது. நன்றாக நடப்பவரையும் டாக்டர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்ஸ்ரேக்கு வரச் சொல்வது அதைப் பார்க்கத்தான்.