‘டிக்’ சத்தம் தந்த ஆசிரியர்!



‘ஸ்மார்ட் பிளக்’ பார்த்திருக்கிறீர்களா? சுவரில் உள்ள சாக்கெட்டில் அதைச் செருகி, அதில் மேசை விளக்கையோ மின்விசிறியையோ இணைப்பார்கள். பிறகு கைபேசிச் செயலியைத் தொட்டால் போதும். விளக்கு எரியும், தொட்டால் அணையும். இன்டர்நெட் இருந்தால், வெளியூரில் இருந்துகூட அணைக்கலாம்!

அது வேலை செய்யும்போது உன்னிப்பாகக் கேளுங்கள். பெரும்பாலான பிளக்குகளில், ‘டிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குக் காரணமான கருவியின் பெயர், ‘ரிலே’. அதன் தத்துவத்தை, 1835ம் ஆண்டிலேயே செய்து காட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் தான், அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி!

நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஆல்பனி நகரில், 1797 டிசம்பர் 17ல் பிறந்தார் ஹென்றி. அப்பா கூலித் தொழிலாளி, வீட்டில் வறுமை. சிறு வயதில் பாட்டி வீட்டில் வளர்ந்த ஹென்றி, பள்ளி விட்டதும் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். அப்பாவும் சீக்கிரமே இறந்து போனார். பதின்மூன்று வயதில், கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார்.

அந்த வயதில் அவருக்கு அறிவியலில் ஆர்வமே இல்லை. நாடக நடிகராக வேண்டும் என்பது தான் ஆசை! பதினாறாவது வயதில், தற்செயலாக ஓர் அறிவியல் புத்தகம் கையில் கிடைத்தது. மேலே எறிந்த கல் ஏன் கீழே விழுகிறது என்பது போன்ற கேள்விகளை அது எழுப்பியது. அதைப் படித்ததும், ஹென்றியின் மனம் அறிவியல் பக்கம் திரும்பி விட்டது.

ஆல்பனி அகாடமி என்ற பள்ளியில், கட்டணம் இல்லாமல் படிக்க இடம் கிடைத்தது. சாப்பாட்டுச் செலவுக்கு, மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1826ல், அதே பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியர் ஆனார்.

நாள் முழுவதும் வகுப்பு. ஆராய்ச்சிக்கு நேரம் ஏது? கோடை விடுமுறையில், வகுப்பறை காலியாக இருக்கும் ஒரு மாதம் தான் அவருக்குக் கிடைத்தது. பள்ளி திறந்ததும் கருவிகளை எடுத்து வைத்து விட வேண்டும்!

அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்தவை வியப்பானவை. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டர்ஜன் என்பவர், ஏற்கனவே மின்காந்தம் செய்திருந்தார். இரும்பின் மேல் கம்பியைச் சுற்றி மின்சாரம் செலுத்தினால், இரும்பு காந்தமாகி விடும். ஸ்டர்ஜன் வெறும் கம்பியைச் சுற்றியதால், ஒரு சுற்று மற்றொன்றைத் தொடாமல் இடைவெளி விட வேண்டியிருந்தது. ஹென்றியோ, கம்பி மீதே பட்டு நூலைச் சுற்றினார். இதனால், கம்பியை நெருக்கமாகப் பல அடுக்குகள் சுற்ற முடிந்தது. 1831ல் அவர் செய்த ஒரு மின்காந்தம், 900 கிலோவுக்கும் மேற்பட்ட எடையைத் தூக்கியது!

அதே காலத்தில், பள்ளி அறைக்குள்ளேயே ஒரு மைலுக்கு மேல் நீளமான கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். ஒரு முனையில் மின்கலத்தை இணைத்தார். மறு முனையில் இருந்த மணி ஒலித்தது!

பின், 1832ல் பிரின்ஸ்டன் கல்லூரிக்குப் பேராசிரியராகச் சென்றார். அங்கே தான் ரிலே பிறந்தது. கம்பி நீளமாக ஆக, மின்சாரம் வலு குறைந்து போகும். அப்படி வரும் நலிந்த மின்சாரத்தால் பெரிய வேலை எதுவும் செய்ய முடியாது. ஆனால், ஒரு சின்ன மின்காந்தத்தை இயக்க முடியும் அல்லவா? அந்தச் சின்னக் காந்தம், வேறொரு பெரிய மின்சுற்றைத் திறந்து மூடினால்? பெரிய காந்தம் ஒன்றில் பாரத்தைத் தொங்க விட்டார். தொலைவில் இருந்தபடியே அதன் மின் இணைப்பைத் துண்டித்து, பாரத்தைக் கீழே விழ வைத்தார்!

தன் ஆய்வுக்கூடத்தில் இருந்து வீட்டுக்கும் கம்பி இழுத்து, மனைவி ஹாரியட்டுக்குச் சைகை அனுப்பினார்.

ஸ்மார்ட் பிளக்கில் நடப்பதும் இது தான். கைபேசியில் இருந்து வரும் கட்டளையை, வைஃபை மூலம் ஒரு சிறிய ‘சிப்’ பெற்றுக் கொள்கிறது. அது ஓரிரு மின்கலங்களின் அளவு மின்சாரத்தில் இயங்குவது. அதனால் 230 வோல்ட் மின்சாரத்தைத் தாங்க முடியாது. எனவே, ரிலேயில் உள்ள குட்டி மின்காந்தத்தைத் தூண்டி விடுகிறது. அது ஒரு உலோகத் தகட்டை இழுத்து இணைப்பு கொடுக்கிறது. டிக்!

அந்தத் தகடும் ஓர் அளவுக்கு மேல் மின்சாரத்தைத் தாங்காது, குழந்தைகளே. 10 ஆம்பியர் பிளக்கில் 16 ஆம்பியர் கீசரைப் போட்டால் சூடேறி உருகி விடலாம். ஆளில்லாத வீட்டில், இஸ்திரிப் பெட்டியைக் கைபேசியால் இயக்கிப் பார்ப்பதும் கூடாது. பெரியவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஹென்றிக்கு இரண்டு பெரிய ஏமாற்றங்கள் வந்தன. காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாம் என்பதை அவர் தானாகவே கண்டறிந்தார். ஆனால், அதை எழுதி வெளியிடத் தாமதித்து விட்டார். இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே முந்திக் கொண்டார். பெருமை, நியாயப்படியே பாரடேக்குப் போனது.

அடுத்தது, தந்தி. ஹென்றி கண்ட உண்மைகளின் உதவியோடு தான், சாமுவேல் மோர்ஸ் தந்தியை வெற்றி பெறச் செய்தார். அறிவியல் எல்லாருக்கும் பொது என்று கருதிய ஹென்றி, எதற்கும் காப்புரிமை வாங்கவில்லை. மோர்ஸ் வாங்கினார். வழக்கு ஒன்றில் ஹென்றி உண்மையைச் சாட்சி சொன்னதும், கோபம் கொண்ட மோர்ஸ் அவரைத் தாக்கி எழுதினார். ஹென்றி திருப்பித் திட்டவில்லை. தன் நிறுவனத்தையே விசாரிக்கச் சொன்னார். விசாரணையில், ஹென்றி பக்கமே உண்மை இருப்பது தெரிந்தது.

அந்த நிறுவனம், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன். 1846ல் அதன் முதல் செயலராகி, இறக்கும் வரை அங்கேயே பணியாற்றினார். பல ஊர்களின் வானிலையைத் தந்தி மூலம் தெரிந்து கொண்டு, தினமும் வரைபடத்தில் காட்டச் செய்தார்.

கடந்த 1875ல், இளைஞர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். பேச்சைக் கம்பி வழியே அனுப்பும் எண்ணம் இருப்பதாகவும், தனக்கு மின்சார அறிவு போதவில்லை என்றும் தயங்கினார். இல்லாவிட்டால் கற்றுக் கொள் என்று ஊக்கம் தந்து அனுப்பினார் முதியவர் ஹென்றி. வந்தவர், தொலைபேசியை உருவாக்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல்!

மே 13, 1878ல் ஹென்றி காலமானார். அவரது இறுதிச் சடங்கில், அமெரிக்க ஜனாதிபதியே கலந்து கொண்டார். 1893ல், மின்தூண்டல் எண்ணை அளக்கும் அலகுக்கு, ‘ஹென்றி’ என்று பெயரிட்டது உலகம். பிளஸ் 2 இயற்பியல் பாடத்தில் இந்தப் பெயரைச் சந்திப்பீர்கள்.

குழந்தைகளே... புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அன்றே நோட்டில் எழுதி வையுங்கள். தள்ளிப் போட்டதால் ஹென்றி இழந்ததை நீங்கள் இழக்க வேண்டாம். கற்றதை ஒளிக்காமல் மற்றவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அதில் மட்டும், ஹென்றியைப் போலவே இருங்கள்!