விபத்தை ஆராய்ந்த ஹியூ டிஹேவன்

விரைந்து செல்லும் ஊர்திகள் பெருகியபோது விபத்துகளும் பெருகின. வண்டி மோதி நொறுங்கினால் அதில் இருந்தோர் மடிவது இயல்பே என்று மக்கள் கருதினர். ஒருவர் பிழைத்துவிட்டால், அஃது அவர் செய்த நல்வினையின் பயன் என்றனர். விபத்து எவ்வாறு நேர்ந்தது, தவறு யாருடையது என்பவற்றை ஆராய வழக்குமன்றங்கள் இருந்தன. ஆனால், ஒரே வண்டியில் இருந்த இருவருள் ஒருவர் மாண்டதும் மற்றவர் மீண்டதும் எதனால் என்று ஆராய்வார் அரியர். அவ்வினாவைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டவர் ஹியூ டிஹேவன் ஆவார்.

இவர் 1895-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிற் பிறந்தார். கார்னெல், கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகங்களிற் சிறிது காலம் பயின்றார். முதல் உலகப்போர் நிகழ்ந்த காலம் அது. விமானம் ஓட்டுவதில் வேட்கை மிக்க டிஹேவன், கனடா நாட்டிற்குச் சென்று அங்கு ஆள்சேர்த்த பிரிட்டிஷ் விமானப்படையிற் சேர்ந்தார். 1917-இல் டெக்சஸ் மாநிலத்திற் பயிற்சி பெறுகையில், அவர் சென்ற விமானத்தின்மீது மற்றொரு விமானம் மோதியது. அவருடைய விமானம் பல நூறு அடி உயரத்திலிருந்து வீழ்ந்து நொறுங்கியது. அவருடைய கால்கள் முறிந்தன. ஈரலும் கணையமும் பித்தப்பையும் சிதைவுற்றன. பல திங்கள் மருத்துவமனையிற் கிடந்து, அரிதின் உயிர் பிழைத்தார்.

நோய்ப்படுக்கையில் அவர் உள்ளம் ஓய்ந்திருக்கவில்லை. தாம் அமர்ந்திருந்த பகுதி நசுங்காது நின்றமையால் உயிர் தப்பியதை அவர் உணர்ந்தார். வயிற்றினுள் ஏற்பட்ட காயங்களோ, இடுப்பைப் பிணித்திருந்த வாரின் கூரிய பூட்டு அழுத்திய இடத்திற்கு நேராக இருந்தன. காக்க வந்த வாரே அவரைப் புண்படுத்தியது! பூட்டின் வடிவம் வேறாக இருந்திருப்பின் காயமும் குறைந்திருக்குமன்றோ? இவ்வாறு எண்ணிய அவர், தம் கருத்தைப் பிறரிடம் எடுத்துரைத்தார். ஆயினும் அதனைப் பொருட்படுத்துவார் இலர். அவர் பிழைத்தது நற்பேறே என்று கூறி அமைந்தனர்.

போர் முடிந்தபின் டிஹேவன் புதியன புனைவதில் ஈடுபட்டார். செய்தித்தாள்களைக் கட்டுகளாகக் கட்டும் இயந்திரம் முதலியவற்றை அமைத்துப் பொருள் ஈட்டினார். நாற்பது அகவை நிரம்புமுன்பே வேலையிலிருந்து ஓய்வு பெறும் அளவிற்குச் செல்வம் சேர்ந்தது. ஆனால், இன்பமாகக் காலங்கழிக்க அவர் விரும்பவில்லை. 1930-களின் நடுவில் மோட்டார் வண்டி விபத்து ஒன்றைக் கண்டார். வண்டியோட்டியின் முன்னிருந்த கருவிப்பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு குமிழ் அவர் தலையைப் பிளந்திருந்தது. பழைய வினா டிஹேவன் உள்ளத்தில் மீண்டும் எழுந்தது.

மனிதரை வண்டியில் ஏற்றி, மோதவிட்டு ஆராய்தல் இயலாது. ஆதலின் அவர் தம் வீட்டுச் சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கினார். மெத்தென்ற பொருள்களைக் கீழே பரப்பி, உயரத்திலிருந்து முட்டைகளை அவற்றின்மீது இட்டு, அவை உடையாதிருக்கும் வகையைக் கண்டார். பின்னர், மிக உயரமான இடங்களிலிருந்து வீழ்ந்தும் உயிர் பிழைத்தோரின் வரலாறுகளைத் தேடித் தொகுத்தார். வீழ்ந்த உயரத்தை அளந்தார். தரையின் தன்மையை ஆராய்ந்தார். காயங்களின் விவரத்தை மருத்துவரிடம் கேட்டறிந்தார்.

அவர் ஆராய்ந்தவருள் 144 அடி உயரத்திலிருந்து வீழ்ந்த ஒரு பெண்மணியும் இருந்தார். அவர் காற்றுப்போக்கிற்காக அமைந்த உலோகப் பெட்டி ஒன்றன்மேல் வீழ்ந்தார். அப்பெட்டி 12 முதல் 18 அங்குலம்வரை நசுங்கியது. பெட்டிக்கு வெளியே நீண்டிருந்த கைகள் முறிந்தன. ஒரு கால் காயமுற்றது. பெட்டியின்மேற் பட்ட தலைக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரவில்லை. அவர் நினைவும் இழக்கவில்லை. உறுதியான தரை உடலை ஒரு நொடியில் நிறுத்திவிடுகிறது. நசுங்கும் பெட்டியோ சிறிது தொலைவு உடன்சென்று நிறுத்துகிறது. அந்த ஒன்றரையடித் தொலைவே அப்பெண்மணியின் உயிரைக் காத்தது. வீழ்ச்சியின் விசை ஓரிடத்திற் குவியாமல் உடலெங்கும் பரவியதும் மற்றொரு காரணமாகும்.

இவ்வாராய்ச்சிக் கட்டுரை 1942-இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. உடலுக்குக் குறுக்காகப் பரவித் தாக்கும் விசை, புவியீர்ப்பைப்போல் 200 மடங்கு ஆயினும், மிகக் குறுகிய நேரம் மட்டும் நீடிப்பின் மனித உடல் அதனைத் தாங்கும் என்று அவர் அதில் நிறுவினார். மனித உடல் எளிதில் உடையும் மண்பாண்டம் அன்று; அதனைச் சூழ்ந்த பொருள்களே அதற்குப் பகையாகின்றன என்பது அவர் கண்ட உண்மையாகும்.

அதே ஆண்டில் நியூயார்க்கிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியில் விபத்துக் காய ஆராய்ச்சித் திட்டம் அவர் தலைமையில் தொடங்கியது. சிறு விமானங்கள் வீழ்ந்த இடங்களிலிருந்து படங்களும் அளவுகளும் மருத்துவ அறிக்கைகளும் அங்கு வந்து குவிந்தன. எந்தக் காயம் எந்தப் பொருளால் நேர்ந்தது என்று அவர் பொருத்திப் பார்த்தார். வளைந்த இரும்பும் நெளிந்த தகடும் அவருக்குச் சான்று கூறின. விமானத்தில் இருந்தோர், இருக்கைப்பகுதி சிதையாதபோதும், முன்னிருந்த கருவிகளில் தலைமோதி மாண்டமையை அவர் பலமுறை கண்டார்.

பீங்கான் கலங்களைத் தொலைவிற்கு அனுப்பும் வணிகர், அவற்றை வைக்கோலிற் பொதிந்து பெட்டியில் அடுக்குவர். கலங்களுக்குக் காட்டும் இக்கருத்தினை மனிதருக்கு ஏன் காட்டலாகாது என்று டிஹேவன் வினவினார். பெட்டி திறந்து உள்ளிருப்பவற்றைக் கொட்டிவிடலாகாது. அது சட்டென முறியும் பொருளால் ஆகியிருக்கலாகாது. உள்ளே வைத்த பொருள் அசையாது பிணிக்கப்பட வேண்டும். அப்பிணிப்பு, பொருளின் வலிய பகுதியைப் பற்றியிருக்க வேண்டும். பொதிகட்டுவோர் அறிந்த இந்நான்கு நெறிகளும் வண்டிகளுக்கும் பொருந்தும் என்று அவர் 1952-இல் பொறியியலாளர்க்கு விளக்கினார்.

பின்னர் இவ்வாராய்ச்சி மோட்டார் வண்டிகளின் பக்கம் திரும்பியது. இண்டியானா மாநிலக் காவல்துறையினர் விபத்துச் செய்திகளைத் தொகுத்து உதவினர். 1953-இல் மோட்டார் விபத்துக் காய ஆராய்ச்சி தனித் திட்டமாக உருப்பெற்றது. விபத்தின்போது வண்டியிலிருந்து வெளியே வீசப்படுவோர் தப்பிவிடுவர் என்பது அக்காலத்தவர் நம்பிக்கை. அது பொய் என்பதைத் தொகுத்த செய்திகள் காட்டின. கதவு திறந்து வெளியே எறியப்பட்டவர்களே மிகுதியாகக் கொடுங்காயமுற்றனர். இதன் பயனாக, 1956-ஆம் ஆண்டு வண்டிகளில் எளிதில் திறவாத கதவுப் பூட்டுகள் இடம்பெற்றன.

டிஹேவன், ரோஜர் கிரிஸ்வால்டு என்பவருடன் சேர்ந்து, இடுப்பையும் மார்பையும் ஒருங்கே பிணிக்கும் மூன்றுமுனை வார் ஒன்றை வடிவமைத்தார். அதற்கு 1955-இல் காப்புரிமை கிடைத்தது. பின்னர் 1959-இல் சுவீடன் நாட்டு நில்ஸ் போலின் என்னும் பொறியியலாளர், பூட்டு வயிற்றின்மேல் அமையாது இடுப்பின் பக்கத்தில் அமையுமாறு மூன்றுமுனை வாரைச் செம்மையாக ஆக்கினார். இன்று உலகெங்கும் வண்டிகளில் மக்கள் அணிவது அவ்வகை வாரே.

டிஹேவன் 1954-இல் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். வண்டிகளின் பாதுகாப்பை நெறிப்படுத்தும் சட்டம் 1966-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்டதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது. 1980-இல் அவர் இயற்கை எய்தினார்.

டிஹேவன் பொறியியற் பட்டம் பெற்றவர் அல்லர். மருத்துவம் கற்றவரும் அல்லர். எல்லோரும் ஊழ் என்று ஒதுக்கிய ஒன்றை, காரணம் உடையது என்று கருதி ஆராய்ந்தார். விபத்து வேறு, அதனால் விளையும் காயம் வேறு. முன்னதைத் தடுக்க இயலாதபோதும் பின்னதைத் தடுக்கலாம் என்று காட்டினார். வாரைப் பூட்டிக்கொண்டு புறப்படும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அவர் உழைப்பின் பயனைத் துய்ப்பவரே ஆவர்.