மூன்று கோட்டு வார்னிஷ்
(இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்)



பிளாஸ்டிக் கட்டைகளைக் கோர்த்து, உள்ளே ஒரு சின்ன மோட்டாரை வைத்து, கார் செய்து ஓட்டுகிற பொழுதுபோக்கு ஒன்று உண்டு. சின்னப் பிள்ளை விளையாட்டுதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். கியர், டிஃபரன்ஷியல், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் என்று நாம் வகுப்பில் போர்டைப் பார்த்து வரைகிறதெல்லாம் அந்தக் காருக்குள்ளே கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. லெகோ என்ற பெயரை நம்மில் பலரும் கேள்விப்பட்டிருப்போம். அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் இன்ஜினியர் அல்ல. டிகிரியும் இல்லை, டிப்ளமோவும் இல்லை. ஒரு கிராமத்துத் தச்சர். அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன்.

ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1891 ஏப்ரல் 7-ம் நாள் டென்மார்க்கில், ஜூட்லாந்து பகுதியில் பிறந்தார். காய்ந்த புதர்க்காட்டு நிலம். பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பம். பதினான்கு வயதில் அண்ணனிடமே தச்சு வேலை பழகச் சேர்ந்தார். தொழில் கைக்கு வந்ததும் ஜெர்மனிக்கும் நார்வேக்கும் போய் வேலை பார்த்தார். நார்வேயில்தான் கிர்ஸ்டினே என்ற பெண்ணைச் சந்தித்தார். 1916-ல் சேர்த்து வைத்த காசில் பில்லுண்ட் என்ற குக்கிராமத்தில் ஒரு மரப்பட்டறையை வாங்கினார். அதே ஆண்டு கல்யாணமும் நடந்தது. கதவு, ஜன்னல், வீட்டுச் சாமான், பண்ணைக் கட்டடம் என்று எது வந்தாலும் செய்தார். நாலு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள்.

1924-ல் முதல் அடி விழுந்தது. இரண்டு மகன்கள் பட்டறையில் பசை காய்ச்சும் அடுப்பைப் பற்றவைக்கப் போக, கீழே கிடந்த இழைப்புச் சுருளில் தீ பிடித்துக்கொண்டது. பட்டறையும் வீடும் சேர்ந்தே போய்விட்டன. இழைப்புச் சுருள் எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்பது மரவேலை நடக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் அப்பாவும் தச்சர்தான். பட்டறைக்குள்ளே தீப்பெட்டியை யாரும் எடுக்கவே கூடாது என்பார். ஓலே கிர்க் என்ன செய்தார்? ஒரு ஆர்க்கிடெக்டை வைத்து முன்னைவிடப் பெரிய வீடும் பட்டறையும் கட்டினார். வாசலில் இரண்டு சிங்கங்கள் வேறு! அந்தச் சிங்க வீடு பில்லுண்டில் இன்றும் இருக்கிறது. கையில் இருந்ததற்கு மேல் செலவு செய்கிற குணம் அவருக்கு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து வந்தது உலகப் பொருளாதார மந்தம். விவசாயிக்கு விளைபொருளுக்கு விலை இல்லை என்றால் தச்சனுக்கு வேலை ஏது? ஆட்களை ஒவ்வொருவராக அனுப்ப வேண்டியதாயிற்று. 1932-ல் ஏணி, இஸ்திரிப் பலகை என்று சின்னச் சாமான்கள் செய்யத் தொடங்கியவர், மீந்த மரத்தில் பொம்மைகளும் செய்தார். அதே 1932-ல் கிர்ஸ்டினே இறந்துபோனார். மூத்தவனுக்குப் பதினைந்து வயது, கடைக்குட்டிக்கு ஆறு. வீட்டில் அம்மா இல்லாத நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பொம்மை செய்கிறான் என்றால் ஊர் என்ன பேசியிருக்கும்? உடன்பிறந்தவர்களிடம்தான் கடன் கேட்டுப் போனார். ஏதாவது உருப்படியான வேலை பார்க்கக்கூடாதா என்பதுதான் அவர்களுடைய எண்ணம். பொம்மைக்குக் காசு கொடுக்க முடியாத சனங்கள் தின்பண்டமாகவும் தானியமாகவும் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் யோ-யோ பைத்தியம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அவரும் மரத்தில் யோ-யோ செய்து குவித்தார். திடீரென்று மோகம் வடிந்தது. சரக்கு தேங்கி நின்றது. ஓலே கிர்க் அவற்றை இரண்டாக அறுத்துப் பொம்மை லாரிக்குச் சக்கரமாக மாட்டிவிட்டார்! எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒன்றுக்காகச் செய்த பாகத்தை வேறொன்றுக்கு மாற்றிப் போடுகிற புத்தி, கட்டைகளால் கார் செய்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது. அது அவருக்குப் பிளாஸ்டிக் வருவதற்கு முன்பே இருந்தது.

1934-ல் மறுமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு கம்பெனிக்குப் பெயர் வைக்க வேலையாட்களிடையே ஒரு போட்டி வைத்தார். பரிசு, அவர் வீட்டில் செய்த ஒயின் ஒரு பாட்டில். கடைசியில் ஜெயித்தது அவர் வைத்த பெயரே! டேனிஷ் மொழியில் நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சுருக்கி லெகோ ஆக்கினார். அந்த ஒயினை யார் குடித்தார்கள் என்று கேட்காதீர்கள்.

தலைப்பில் உள்ள வார்னிஷ் கதைக்கு வருகிறேன். மர வாத்துகள் ஒரு லோடு பெட்டியில் அடைத்து ரயில் ஏற்ற அனுப்பியாயிற்று. மகன் கோட்ஃப்ரெட் பெருமையாக அப்பாவிடம் வந்து, வழக்கமான மூன்று கோட்டுக்குப் பதில் இரண்டே கோட்டு அடித்துக் காசு மிச்சம் பிடித்ததைச் சொன்னான். ஓலே கிர்க் அவனை உடனே ஸ்டேஷனுக்கு விரட்டினார். பெட்டிகளைத் திரும்ப எடுத்து வந்து, பிரித்து, ஒவ்வொரு வாத்துக்கும் மூன்றாவது கோட்டு அடித்து, மறுபடி அடைத்து அனுப்ப வேண்டும். துணைக்கு ஆளும் கிடையாது. பின்னாளில் அதே மகன், மிகச் சிறந்தது மட்டுமே போதுமானது என்கிற அப்பாவின் கொள்கையை மரப்பலகையில் செதுக்கிப் பட்டறையில் மாட்டினார். இரண்டு கோட்டா மூன்று கோட்டா என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாதே என்று கேட்கலாம். வாங்கினவனுக்குத் தெரியாது, ஒரு வருஷம் கழித்து வாத்துக்குத் தெரியும்!

1942-ல் மறுபடி தீ. நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்த நேரம். தொழிற்சாலை எரிந்தது, வரைபடங்களும் மாதிரிகளும் போயின. மனம் விட்டுவிடலாமா என்று அவரும் யோசித்திருக்கிறார். ஆனா மறுபடி கட்டினார்.

இனிமேல்தான் பிளாஸ்டிக். 1946-ல், ஐம்பத்தைந்து வயதில், பிரிட்டனில் தயாரான ஓர் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினை வாங்க முடிவு செய்தார். விலை 30,000 குரோனர். அந்தச் சின்னக் கம்பெனிக்கு அது தாங்க முடியாத தொகை. மரத்தை விட்டுவிட்டு இது எதற்கு என்று வீட்டிலேயே தயங்கினார்கள். உளியும் இழைப்புளியுமாக நாற்பது வருஷம் வாழ்ந்த மனிதர், உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தித் தள்ளுகிற இயந்திரத்தின் முன்னால் நின்று இதுதான் வருங்காலம் என்று நம்பியதை நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

மெஷினோடு கூடவே மாதிரிக்காகச் சில பிளாஸ்டிக் கட்டைகளும் அவர் கைக்கு வந்தன. மேலே குமிழ், உள்ளே வெற்றிடம். அவற்றை உருவாக்கியவர் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர். கிட்டிகிராஃப்ட் கம்பெனியை நடத்தியவர். அதைப் பார்த்துத்தான் லெகோ 1949-ல் தன் முதல் கட்டைகளை வெளியிட்டது. அங்குலக் கணக்கை மில்லிமீட்டருக்கு மாற்றினார்கள், குமிழின் உச்சியைத் தட்டையாக்கினார்கள், ஓரத்தைக் கூராக்கினார்கள். அடிப்படை யோசனை பேஜுடையது. பேஜ் 1957-ல் இறந்தார். அந்தக் கட்டையின் உரிமைகளை லெகோ விலைக்கு வாங்கியது 1981-ல்தான். இன்று கம்பெனி தன் வரலாற்றில் இதை ஒப்புக்கொள்கிறது. வார்னிஷ் விஷயத்தில் அவ்வளவு கறாரான மனிதர், இந்த விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆண்டு மலரில் எழுதும்போது பெரியவர்களைப் பற்றி நல்லதையே எழுத வேண்டும் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். ஆனா, பக்கத்துப் பையனின் டிராயிங் ஷீட்டைப் பார்த்து வரைந்தால் நமக்கு மார்க் குறைக்கிறார்கள் இல்லையா? பேஜ் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசில்லை.

அந்த முதல் கட்டைகள் ஒன்றும் அமோகமாக விற்கவில்லை. அடியில் வெறும் வெற்றிடம் என்பதால் பிடிப்பு போதவில்லை. உயரமாகக் கட்டினால் ஆடும். 1950-களின் தொடக்கத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு ஃபெர்குசன் டிராக்டர் பொம்மை செய்தார்கள். அது பாகங்களாகவும் கிடைத்தது. வாங்கியவர்கள் தாங்களே கோர்த்துக்கொள்ளலாம். அதற்கு அச்சு செய்யவே பெரும் செலவு. தச்சருடைய வாழ்நாளில் வந்த பிளாஸ்டிக் வண்டி என்றால் எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதன் பிறகு அவர் உடல்நிலை தளர்ந்துகொண்டே வந்தது. 1957-ல் கோட்ஃப்ரெட் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். ஆம், அந்த இரண்டு கோட்டு வார்னிஷ் பையன்தான்!

1958 ஜனவரி 28-ல் கோட்ஃப்ரெட் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கட்டையின் அடியில் சின்னக் குழாய்கள். கீழ்க் கட்டையின் குமிழ் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் மூன்று இடங்களில் இறுகிப் பிடிக்கும். நாம் மெட்ராலஜியில் படிக்கிற இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்தான் இது. இடைவெளியைவிடக் குமிழ் இம்மியளவு பெரிது. பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. விட்டால் பழைய நிலைக்கு வருகிறது. அளவு கொஞ்சம் கூடினால் பிள்ளையால் கழற்ற முடியாது, குறைந்தால் நிற்காது. அதனால் அச்சின் துல்லியம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தில் இருக்க வேண்டும். நம் வெர்னியரால் அளக்க முடியாத அளவு அது!

காப்புரிமைக்கு விண்ணப்பித்து ஆறு வாரத்தில், 1958 மார்ச் 11-ல், ஓலே கிர்க் மாரடைப்பால் காலமானார். வயது அறுபத்தாறு.

1960-ல் மரப்பொம்மைக் கிடங்கும் எரிந்தது. அதோடு மரப்பொம்மை தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 1962-ல் ரப்பர் டயர் போட்ட சக்கரம் வந்தது. 1966-ல் பேட்டரி மோட்டாரில் ஓடும் ரயில். 1977-ல் துளையுள்ள நீளக் கட்டைகள், குறுக்குவெட்டில் கூட்டல் குறி போன்ற ஆக்ஸில், பற்சக்கரங்கள் எல்லாம் கொண்ட தொழில்நுட்ப வரிசை. அதில் ஒரு கார் சேஸிஸ், ஸ்டியரிங்கும் மேலும் கீழும் போகிற பிஸ்டனுமாக. 1980-ல் வந்த அடுத்த சேஸிஸில் டிஃபரன்ஷியலே வந்துவிட்டது. கார் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் ஒன்று தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். போர்டில் பத்துத் தடவை வரைந்தாலும் புரியாதது, அந்தப் பிளாஸ்டிக் கூண்டைக் கையில் பிடித்து ஒரு சக்கரத்தை நிறுத்தி மற்றதைச் சுற்றினால் ஒரு நிமிஷத்தில் புரியும்.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் இரண்டு கணக்கு சொல்கிறேன். குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மி.மீ. பற்சக்கரத்தின் மாட்யூல் 1. ஆக 8 பல், 24 பல் சக்கரங்களின் ஆரம் 4-ம் 12-ம். கூட்டினால் 16, சரியாக இரண்டு குமிழ். 8-ம் 40-ம் சேர்ந்தால் 24, மூன்று குமிழ். மோட்டாரை நேரே சக்கரத்தில் மாட்டினால் சமதரையில் பறக்கும், சரிவைப் பார்த்தால் நின்றுவிடும். 8-ஐ 24-ல் சேர்த்தால் வேகம் மூன்றில் ஒரு பங்கு, உராய்வு போக முறுக்கு விசை ஏறக்குறைய மூன்று மடங்கு. அதையே இரண்டு கட்டமாக வைத்தால் ஒன்பது. சரிவு ஏறிவிடும்!

அடுத்தது, முறுக்கு விசை கூடினால் வண்டி தன்னைத்தானே பிரித்துக்கொள்ளும். கட்டைகள் மேல்நோக்கித் தெறிக்கும். காரணம், செங்குத்தாகக் கட்டுப் போடாததுதான். கட்டையின் உயரம் 9.6 மி.மீ., தட்டையான தகடு 3.2. துளையுள்ள இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இரண்டு தகடு வைத்தால் துளைக்குத் துளை 9.6-ம் 6.4-ம் சேர்ந்து 16. இரண்டு குமிழ் தூரம்! அதே மாதிரித் துளைக் கட்டை ஒன்றை நிமிர்த்தி வைத்து ஆணி மாட்டிவிடலாம். அப்புறம் இழுத்தாலும் வராது. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த அன்று நாங்கள் நாலு பேர் ஹாஸ்டலில் சாப்பாட்டையே மறந்துவிட்டோம்.

எங்கள் வண்டி துறைக் கண்காட்சியில் முப்பது டிகிரி பலகையில் ஏறியது. இப்போது ஆய்வக அலமாரியில் இருக்கிறது. வேண்டுமென்றேதான் மேல்மூடி போடவில்லை. முதலாம் ஆண்டுத் தம்பிமார் யாரானாலும் எடுத்துச் சுற்றிப் பார்க்கலாம். சாவி அட்டெண்டர் அண்ணனிடம் உள்ளது.