இந்தியா ஹவுஸ்: வீதியில் நின்று போராடியவர், தூதராக உள்ளே வந்த கதை

2023 மார்ச் 19. லண்டனில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் முன்னால் காலிஸ்தான் ஆதரவாளர்கள் திரண்டார்கள். அவர்களில் ஒருவர் பால்கனியில் ஏறி, அங்கே பறந்துகொண்டிருந்த மூவர்ணக் கொடியை இறக்கினார். பதிலுக்குத் தூதரகம், கட்டடத்தின் முகப்பில் அதைவிடப் பல மடங்கு பெரிய கொடியைத் தொங்கவிட்டது. அந்த வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும்.

அந்தக் கட்டடத்தின் பெயர் இந்தியா ஹவுஸ். 1947 ஆகஸ்ட் 15 அன்று அங்கே மூவர்ணக் கொடி ஏறியபோது, சுதந்திர இந்தியாவின் முதல் தூதராக அதற்குள் போனவர் வி.கே.கிருஷ்ண மேனன். அதற்கு முந்தைய 23 வருடங்கள், அந்தக் கட்டடத்தைக் கட்டிய ஆட்சியை எதிர்த்து அதே ஊர் வீதிகளில் பேசிக்கொண்டிருந்தவர் அவர். போராட்டக்காரர் ஒருவர் அரசு அலுவலகத்துக்குத் தலைவரானால் என்ன ஆகும்? அவரது கதையில் இதற்கு நல்ல பதிலும் இருக்கிறது, கசப்பான பதிலும் இருக்கிறது.

அடிமை நாட்டுக்கு எதற்கு தூதர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லண்டனில் 'இந்தியா ஹவுஸ்' என்ற பெயரில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, 1905-ல் ஷியாம்ஜி கிருஷ்ண வர்மா ஹைகேட் பகுதியில் இந்திய மாணவர்களுக்காகத் தொடங்கிய விடுதி. சாவர்க்கரும் நம்ம வ.வே.சு. ஐயரும் செயல்பட்டது அங்கேதான். சில வருடங்களிலேயே அது மூடப்பட்டுவிட்டது. நாம் பேசுவது ஆல்ட்விச் பகுதியில் இருக்கும் இரண்டாவது இந்தியா ஹவுஸைப் பற்றி. பல வருடம் பிபிசி தமிழோசை ஒலிபரப்பான புஷ் ஹவுஸ் இதற்கு அடுத்த கட்டடம்தான்.

சரி, பிரிட்டன் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் பிரிட்டனிலேயே இந்தியாவுக்கு எதற்கு ஒரு தூதர்? 1919-ம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம்தான் 'ஹை கமிஷனர்' என்ற பதவியை உருவாக்கியது. 1920-ல் வில்லியம் மேயர் முதல் ஹை கமிஷனர் ஆனார். பதவியின் பெயர் பெரிது, வேலை சின்னது. இந்திய அரசுக்குத் தேவையான சாமான்களைக் கொள்முதல் செய்வது, லண்டனில் படிக்கும் இந்திய மாணவர்களைக் கவனிப்பது, வர்த்தக விஷயங்களைப் பார்ப்பது, அவ்வளவுதான். உண்மையான அதிகாரம் ஒயிட்ஹாலில் இருந்த இந்தியா ஆபீஸ் கையில். இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் உட்கார்ந்தது அங்கேதான். கொள்முதல் வேலை ஹை கமிஷனரிடம் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் அதுதான் மேனனுக்கு வினையாகப் போகிறது.

ஆரம்பத்தில் இந்த அலுவலகம் குரோவனர் கார்டன்ஸ் பகுதியில் இருந்தது. இடம் போதவில்லை. அதுல் சாட்டர்ஜி ஹை கமிஷனராக இருந்த காலத்தில் தனிக் கட்டடம் எழும்பியது. வடிவமைத்தவர், புதுடெல்லியின் தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த அதே ஹெர்பர்ட் பேக்கர். 1930 ஜூலை 8 அன்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் திறந்துவைத்தார். வெளிச்சுவரில் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களின் சின்னங்களைப் பதித்தார்கள். உள்சுவர்களில் ஓவியம் தீட்ட இந்தியாவிலிருந்து நான்கு ஓவியர்கள் வரவழைக்கப்பட்டார்கள்.

அது எந்த வருடம் என்று கவனியுங்கள். உப்புச் சத்தியாகிரகம் நடந்த வருடம். காந்தி எரவாடா சிறையில் இருந்தபோதுதான் லண்டனில் இந்தியாவின் பெயரில் இந்தக் கட்டடம் திறக்கப்பட்டது.

கோழிக்கோட்டிலிருந்து ஸ்ட்ராண்ட் வரை

மேனன் 1896-ல் கோழிக்கோட்டில் பிறந்தார். அப்போது மலபார், சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். அப்பா வசதியான வக்கீல். மகன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார், அடுத்து சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். சென்னையில் இருந்தபோது அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கம் அவரை இழுத்துக்கொண்டது. சட்டப் படிப்பு பின்னால் போனது, இயக்கம் முன்னால் வந்தது.

பெசன்ட்டின் உதவியோடு 1924-ல் இங்கிலாந்து போனார். கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியர் வேலை பார்த்துவிட்டு, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஹரால்ட் லாஸ்கியின் மாணவரானார். 1934-ல் வழக்கறிஞராகவும் பதிவு செய்துகொண்டார். ஊருக்குத் திரும்பி வக்கீலாகியிருந்தால் வாழ்க்கை சுகமாகப் போயிருக்கும். அவர் திரும்பவில்லை.

பெசன்ட்டின் ஆதரவாளர்கள் நடத்திய ஒரு சின்ன அமைப்பு கைக்கு வந்தது. அதை 'இந்தியா லீக்' ஆக்கி, இந்தியாவின் முழு விடுதலைக்காக பிரிட்டிஷ் மக்களிடமே பேசும் மேடையாக மாற்றினார். ஸ்ட்ராண்ட் சாலையில் ஒரு சின்ன அலுவலகம். அங்கிருந்து இந்தியா ஹவுஸுக்கு நடந்தே போய்விடலாம். தொழிற்சங்கக் கூட்டம், கல்லூரி, தேவாலயம் என எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பேசினார். லேபர் கட்சி எம்.பி.க்களுக்குத் தகவல் கொடுத்து நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க வைத்தார். 1932-ல் ஒரு குழுவை இந்தியாவுக்கே அழைத்து வந்து, அடக்குமுறையை நேரில் பார்க்கவைத்தார். அந்தக் குழுவின் அறிக்கைக்கு பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் முன்னுரை எழுதினார்.

பிழைப்புக்குப் பதிப்பக வேலை. 1937-ல் ஆலன் லேன் தொடங்கிய பெலிகன் மலிவுப் பதிப்பு நூல்களின் முதல் ஆசிரியர்களில் மேனனும் ஒருவர். 1934 முதல் 1947 வரை செயின்ட் பாங்க்ரஸ் பகுதியின் கவுன்சிலராகவும் இருந்தார். தன் நாட்டில் ஓட்டுக் கேட்காத மனிதர், லண்டனில் வார்டு வார்டாக நூலக வசதிக்காக வேலை செய்தார். சாப்பாடு பெரும்பாலும் டீயும் பன்னும்தான். உடம்பு கெட்டுப்போனது அப்போதே ஆரம்பித்துவிட்டது.

இந்த வருடங்களில் கிடைத்த நட்புதான் நேரு. நேருவின் சுயசரிதை லண்டனில் வெளியாக மேனன் உதவினார். 1938-ல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். நேரு அவரை முழுதாக நம்பினார். அந்த நம்பிக்கைதான் மேனனை மேலே தூக்கியது. பின்னால் அவரைச் சுற்றி எதிரிகள் கூடுவதற்கும் அதுவே காரணமானது.

பெயர்ப் பலகையைக் காப்பாற்றியவர்

1943 முதல் 1947 வரை ஹை கமிஷனராக இருந்தவர் சாமுவேல் ரங்கநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவர்தான். சுதந்திரத்தோடு அந்த நாற்காலி மேனனுக்கு வந்தது. ஒயிட்ஹாலில் இந்தியா ஆபீஸ் மூடப்பட்டது. அதிகாரமில்லாத கொள்முதல் அலுவலகமாக இருந்த இந்தியா ஹவுஸ், ஒரே நாளில் ஒரு சுதந்திர நாட்டின் குரலானது. கட்டடத்தில் ஒரு கல்லைக்கூட மாற்றவில்லை. அதன் அர்த்தம் மட்டும் மாறிவிட்டது.

உடனே ஒரு சிக்கல். இந்தியா குடியரசாகப் போகிறது. ஆனால் காமன்வெல்த்தில் இருக்க வேண்டுமென்றால் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பது அன்றைய நிலை. மன்னரை ஏற்காத குடியரசு எப்படி உள்ளே இருக்க முடியும்? 1949 ஏப்ரலில் லண்டன் பிரகடனம் இதற்கு வழி கண்டது. இந்தியா குடியரசாகவே இருக்கும், மன்னரைக் காமன்வெல்த்தின் தலைவர் என்ற அடையாளமாக மட்டும் ஏற்கும். இந்த ஏற்பாட்டுக்கான வாசகங்களை உருவாக்கும் பேச்சுகளில் மேனனுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இதன் விளைவை இன்றும் பெயர்ப் பலகையில் பார்க்கலாம். காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று வைத்துக்கொள்ளும் தூதரகத்துக்குப் பெயர் 'ஹை கமிஷன்'. மற்ற நாடுகளில் இருப்பது 'எம்பசி'. வேலை ஒன்றுதான், பெயர்தான் வேறு. அயர்லாந்து அதே 1949-ல் காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. அங்கேயும் இந்தியாவின் பிரதிநிதி மேனன்தான். அதாவது, லண்டனில் ஹை கமிஷனர், டப்ளினில் அம்பாசடர்.

வாழ்க்கை முறை பழையபடியேதான். தூதருக்கான வசதியான இல்லத்தில் தங்காமல், இந்தியா ஹவுஸுக்குள்ளேயே ஒரு அறையில் படுத்துக்கொண்டார். ராத்திரி எந்நேரமும் வேலை. டீ மட்டும் குறையவில்லை.

ஜீப் விவகாரம்: எங்கே சறுக்கினார்?

இயக்கம் நடத்தும்போது விதிமுறையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. எல்லாவற்றையும் ஒருவரே இழுத்துப் போட்டுச் செய்வார், வேகமாக முடிவெடுப்பார், எதிரில் இருப்பவரைச் சந்தேகத்தோடு பார்ப்பார். இந்தியா லீக்கில் இதெல்லாம் மேனனின் பலம். இந்தியா ஹவுஸில் இதே குணங்கள் அவருக்கு எதிராகத் திரும்பின.

1948-ல் காஷ்மீரில் சண்டை. ராணுவத்துக்கு அவசரமாக ஜீப்புகள் தேவை. கொள்முதல் லண்டன் அலுவலகத்தின் பழைய வேலை என்று பார்த்தோமே, அந்தப் பொறுப்பு சுதந்திரத்துக்குப் பிறகும் அங்கேயே இருந்தது. வழக்கமான நடைமுறையைத் தாண்டி ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 200 ஜீப்புகளுக்குப் பணத்தின் பெரும்பகுதி முன்கூட்டியே போனது. வந்து சேர்ந்தது 155. அவற்றின் தரம் பற்றியும் புகார்கள் கிளம்பின. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் சர்ச்சை என்று இன்றும் பேசப்படுவது இதுதான்.

மேனன் தன் பாக்கெட்டில் பணம் போட்டுக்கொண்டதாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் நடைமுறை மீறப்பட்டது என்ற கேள்விக்கு முழுப் பதிலும் கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் பல வருடம் சத்தம். 1955-ல் விவகாரம் முடிந்துவிட்டது என்று அரசு அறிவித்தது. அடுத்த வருடமே மேனன் மத்திய அமைச்சர். விமர்சகர்களின் கோபம் இன்னும் கூடியது. ஒருவரின் நேர்மையை அவருடைய எளிய வாழ்க்கையை வைத்து நம்பலாம். ஆனால் ஓர் அலுவலகத்தின் நேர்மைக்கு ஆவணமும் கையெழுத்தும் வேண்டும். மேனன் முதலாவதை வைத்து இரண்டாவதைத் தாண்டிப் போனார்.

இதற்கிடையே பிரிட்டிஷ் உளவு அமைப்பான எம்ஐ5-ம் அவரைக் கண்காணித்துக்கொண்டிருந்தது. கம்யூனிஸ்ட் தொடர்பு இருக்கும் என்ற சந்தேகம். அந்தக் கோப்புகள் 2007-ல்தான் வெளியாயின. உடல்நலமும் மோசமாகி, 1952-ல் மேனன் பதவியை விட்டு இறங்கினார். பி.ஜி.கேர் அடுத்த ஹை கமிஷனரானார்.

அதன் பிறகு

மீதிக் கதை ஓரளவு தெரிந்ததுதான். ஐ.நா.வில் இந்தியாவின் குரல். 1957 ஜனவரியில் காஷ்மீர் பற்றி இரண்டு நாளாகச் சுமார் 8 மணி நேரம் பேசி, நடுவில் மயங்கி விழுந்தார். அதே வருடம் பாதுகாப்புத் துறை அமைச்சர். 1961-ல் கோவா விடுவிக்கப்பட்டது. 1962-ல் சீனப் போரில் ஏற்பட்ட தோல்வியின் பழி அவர் மேல் விழுந்தது, பதவி விலகினார். இங்கேயும் அதே குற்றச்சாட்டுதான்: யாரையும் கலக்காமல் தானே முடிவெடுக்கிறார், ராணுவத் தளபதிகளோடு ஒத்துப்போவதில்லை. பிறகும் மிட்னாப்பூரிலும் திருவனந்தபுரத்திலும் சுயேச்சையாக வென்று நாடாளுமன்றம் போனார். 1974 அக்டோபர் 6 அன்று டெல்லியில் காலமானார்.

இரண்டு கட்டடங்கள்

தூதரகம் இருக்கும் இடம் அந்த நாட்டின் மண் என்று பலர் நினைப்போம். அது சரியில்லை. இந்தியா ஹவுஸ் நிற்பது பிரிட்டன் மண்ணில்தான். ஆனால் 1961-ம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி, தூதரகத்தின் அனுமதி இல்லாமல் உள்ளூர் போலீஸ்கூட உள்ளே நுழைய முடியாது. அதைப் பாதுகாப்பதும் அந்த நாட்டின் கடமை. 2023-ல் கொடி இறக்கப்பட்டபோது டெல்லி அவ்வளவு கோபப்பட்டதற்கு இதுதான் காரணம்.

அதே 2023-ல் கொஞ்ச தூரத்தில் இன்னொரு கதவு சத்தமில்லாமல் மூடியது. 1951-ல் இந்தியா லீக்கைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய இந்தியா கிளப். அதைத் தொடங்கியதில் மேனனுக்கும் பங்கு உண்டு. 1964-லிருந்து ஸ்ட்ராண்ட் சாலையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. தூதரக ஊழியர்களும், பத்திரிகையாளர்களும், ஊர் ஏக்கத்தில் இருந்த மாணவர்களும் அங்கே போய்த் தோசை சாப்பிடுவார்கள். கட்டடத்தை மாற்றியமைக்க உரிமையாளர்கள் எடுத்த முடிவால், செப்டம்பர் 17 அன்று அது மூடப்பட்டது. அதைக் காக்க எந்த வியன்னா ஒப்பந்தமும் இல்லை.

மன்னர் திறந்துவைத்த கட்டடம் பத்திரமாக நிற்கிறது, வீதியில் நின்றவர்கள் உருவாக்கிய இடம் போய்விட்டது. அடுத்த முறை லண்டன் போகும் நண்பர் ஆல்ட்விச் பக்கம் எடுத்த போட்டோவை அனுப்பினால், பின்னணியில் இந்தியா ஹவுஸ் கொடி தெரிகிறதா என்று பாருங்கள். அந்தக் கொடி அங்கே ஏறுவதற்கான வேலை, அந்தக் கட்டடத்துக்கு வெளியேதான் நடந்தது.