ஆனந்த குமாரசுவாமி

ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி (ஆகஸ்ட் 22, 1877 – செப்டம்பர் 9, 1947) இலங்கையைச் சேர்ந்த கலை வரலாற்றாளரும் மெய்யியலாளரும் ஆவார். நிலவியலாளராகத் தொழிலைத் தொடங்கிய இவர், இலங்கையின் கண்டிப் பகுதியில் வாழ்ந்த மரச் சிற்பிகள், ஓவியர்கள், உலோகத் தொழிலாளர் ஆகியோரின் கலைமரபை ஆராய்ந்து முதன்முதலாக விரிவான நூலொன்றை எழுதினார். வழிபாட்டுக்கென ஆக்கப்பட்ட ஒரு பொருளை அதன் சடங்கிலிருந்து பிரித்து, வெறும் அழகுப் பொருளாகக் காண்பது அதனைப் புரிந்துகொள்வதாகாது என்பது இவரது அடிப்படைக் கருத்தாகும். எனினும் தம் வாழ்வின் இறுதி முப்பது ஆண்டுகளையும் இவர் ஓர் அருங்காட்சியகத்தின் பணியிலேயே கழித்தார்.

பிறப்பும் குடும்பமும்

குமாரசுவாமி கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி, இலங்கைச் சட்டவாக்கப் பேரவையின் தமிழ் உறுப்பினராக இருந்தவர். அரிச்சந்திரன் கதையைத் தமிழிலிருந்தும், சுத்த நிபாதம், தாதாவம்சம் ஆகிய பௌத்த நூல்களைப் பாளியிலிருந்தும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தாயார் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் ஆகிய இருவரும் சர் முத்து குமாரசுவாமியின் மருமக்கள். ஆகவே ஆனந்த குமாரசுவாமிக்கு மைத்துனர் முறையினர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே, 1879 இல், தந்தையார் காலமானார். அப்போது தாயும் மகனும் இங்கிலாந்தில் இருந்தனர். ஆகவே குமாரசுவாமி அங்கேயே வளர்ந்தார். குளொஸ்டர்சயரிலுள்ள விக்ளிஃப் கல்லூரியில் பயின்ற பின் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து, நிலவியலிலும் தாவரவியலிலும் 1900 ஆம் ஆண்டு முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். இலங்கையின் கனிமங்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1906 இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

இலங்கையில் நிலவியலாளர்

1902 ஆம் ஆண்டு எத்தெல் மேரி பார்ட்ரிச் என்பவரை மணந்து, அவருடன் இலங்கைக்குத் திரும்பினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவையின் இயக்குநராகப் பணியாற்றினார். தோரியம் மிகுந்த தோரியனைட்டு என்னும் கனிமத்தை 1904 இல் கண்டறிந்தவர் இவரே.

கனிமங்களைத் தேடிச் சிற்றூர்கள் பலவற்றுக்கும் சென்றபோது, அங்கிருந்த கைவினைஞர்களின் நிலையையும் இவர் கண்டார். கண்டி அரசின் காலத்தில் சிற்பிகளும் ஓவியர்களும் அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ ஊழியம் செய்து, அதற்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர். இவ்வூழிய முறை இராசகாரியம் எனப்பட்டது. 1815 இல் கண்டி பிரித்தானியர் வசமானது. 1830களில் அரசுக்குரிய இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பிலிருந்து குடிமக்கள் விடுபட்டது நன்மையே எனினும், தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவந்த குடும்பங்கள் தம்மை ஆதரிப்போரை இழந்தன. இறக்குமதியான மலிவுப் பொருட்கள் எஞ்சிய சந்தையையும் கைப்பற்றின. இம்மாற்றத்தின் விளைவுகளைக் கண்ட குமாரசுவாமி, 1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் உருவாவதற்குக் காரணமாக இருந்து, அதன் தலைவராகவும் விளங்கினார். மேலைநாட்டு உடையையும் வழக்கங்களையும் சிந்திக்காமல் பின்பற்றுவதை இச்சங்கம் எதிர்த்தது. தாய்மொழிக் கல்வியையும் உள்நாட்டுக் கைத்தொழிலையும் ஆதரித்தது.

இடைக்காலச் சிங்களக் கலை

1907 இல் இங்கிலாந்துக்குத் திரும்பிய குமாரசுவாமி, பிராட் கேம்டன் என்னும் ஊரில் பழைய சிற்றாலயம் ஒன்றைச் செப்பனிட்டு அதில் குடியேறினார். கைவினை இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் மொரிசு பயன்படுத்திய அச்சுப்பொறி அப்போது அங்கே இருந்தது. அதில் தம் மேற்பார்வையிலேயே இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை அச்சிட்டார். 425 படிகள் மட்டுமே அச்சான இந்நூல் 1908 இல் நிறைவுற்றது. நூலுக்கான ஒளிப்படங்கள் பலவற்றை எத்தெல் எடுத்திருந்தார்.

மரவேலை, கல்வேலை, தந்தவேலை, உலோகவேலை, நெசவு, ஓவியம் ஆகியவற்றின் நுட்பங்களை இந்நூல் விளக்குகிறது. அத்துடன், கைவினைஞரின் குலம், நிலவுரிமை, கூலி, சடங்குகள் ஆகியவற்றையும் அதே அளவு கருத்துடன் விளக்குகிறது. கண்டிய மரச் சிற்பத்துக்குப் பெயர்பெற்ற இடங்களுள் எம்பக்கே தேவாலயம் ஒன்று. கதிர்காமக் கடவுளுக்குரிய இக்கோயிலின் மண்டபத் தூண்களில் மல்லர்கள், அன்னங்கள், இருதலைப் பறவை முதலிய உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. முரசு அறைவதற்கும் திருவிழாச் சடங்குகளுக்கும் உரிய மண்டபத்தைத் தாங்கி நிற்பவை இத்தூண்கள். குமாரசுவாமியின் பார்வையில் இத்தகைய செதுக்கு வேலை தனித்த அலங்காரம் அன்று. அந்த வழிபாட்டின் ஓர் உறுப்பேயாகும்.

இந்நூல் பதிவு செய்துள்ள சடங்குகளுள் முதன்மையானது நேத்திர மங்கலம், அதாவது கண் திறக்கும் சடங்கு. உருவத்தின் எல்லா உறுப்புகளும் முடிந்த பின்னரே கண்கள் தீட்டப்படும். குறித்த நல்வேளையில், மூடிய அறைக்குள் இருந்து ஓவியர் இதனைச் செய்வார். பின்னர் அவர் கண்கள் மூடப்பட்ட நிலையில் வெளியே அழைத்து வரப்படுவார். அவரது முதற் பார்வை ஆபத்தானது என்ற நம்பிக்கையால், அதற்கென ஒதுக்கப்பட்ட ஒரு பொருளின்மீது மட்டும் அது விழச் செய்யப்படும். கண் திறக்கும்வரை அவ்வுருவம் மரமாகவோ மண்ணாகவோ கல்லாகவோதான் கருதப்படும். அதன் பின்னரே வழிபாட்டுக்கு உரியதாகும். தமிழ்நாட்டுத் தபதிகளிடமும் கண் திறத்தல் என்னும் சடங்கு உண்டு.

மரமும் வழிபாடும்

பிற்காலத்தில் இந்தியச் சிற்பத்தின் தோற்றத்தை ஆராய்ந்த குமாரசுவாமி, கல்லுக்கு முன்னர் மரமே முதன்மைப் பொருளாக இருந்தது என்பதைப் பல சான்றுகளால் விளக்கினார். பாரூத், சாஞ்சி ஆகிய இடங்களின் புடைப்புச் சிற்பங்களிற் காணப்படும் மாடங்களும் வாயில்களும் மரக் கட்டடங்களைக் கல்லிற் காட்டுவன என்று எடுத்துக்காட்டினார். யட்சர் பற்றி 1928 இலும் 1931 இலும் வெளியிட்ட இரு பகுதிகளில், மரங்களில் உறைவதாக நம்பப்பட்ட தெய்வங்களின் வழிபாடு பிற்காலத் திருவுருவ வழிபாட்டுடன் கொண்டுள்ள தொடர்பை ஆராய்ந்தார்.

மரத்தாலான திருமேனி வழிபாடு இந்தியாவில் இன்றும் தொடர்கிறது. பூரி செகந்நாதர் கோயிலில் மரத் திருமேனிகள் குறித்த ஆண்டுகளில் புதிதாகச் செய்யப்படுகின்றன, பழையவை புதைக்கப்படுகின்றன. இது 2015 இல் நடைபெற்றது. காஞ்சிபுரத்தில் அத்தி மரத்தாலான அத்திவரதர் திருமேனி 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது. 2019 இல் அவ்வாறு எடுக்கப்பட்டது. புதைத்தலும் நீருள் மறைத்தலும் இங்கே வழிபாட்டின் பகுதிகளாகவே உள்ளன.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலும் இதற்கு ஒப்பான மரபுகள் உண்டு. பமனா மக்கள் மான் வடிவில் செதுக்கிய சி வாரா என்னும் தலையணியை அணிந்து, வேளாண்மை தொடர்பான சடங்குகளில் இணையாக ஆடுவர். தோகோன் மக்கள் இறந்தோரின் ஆவியை ஊரைவிட்டு வழியனுப்பும் தாமா சடங்கில் மர முகமூடிகளை அணிந்து ஆடுவர். 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சிகி விழாவுக்காகப் பெரிய முகமூடி ஒன்று செதுக்கப்படும். 1931 முதல் 1933 வரை மார்செல் கிரியோல் தலைமையில் சென்ற பிரெஞ்சு ஆய்வுக் குழு, இப்பகுதியிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் 3,000க்கும் மேற்பட்ட பொருட்களைப் பாரிசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சென்றது. அவற்றுட் சில புனிதப் பொருட்கள் மிரட்டிப் பெறப்பட்டவை என்பதை, அக்குழுவில் இருந்த மிசேல் லேரிசு 1934 இல் வெளியிட்ட தம் நாட்குறிப்பில் பதிவு செய்தார். குமாரசுவாமி தம் கட்டுரைகளில் எழுப்பிய அருங்காட்சியகம் பற்றிய கேள்வி, இவ்வாறு உலகின் பல பகுதிகளுக்கும் பொருந்துவதாயிற்று.

பாஸ்டன் அருங்காட்சியகம்

1910–11 இல் அலகாபாத்தில் நடைபெற்ற கண்காட்சியின் கலைப் பிரிவுக்குக் குமாரசுவாமி பொறுப்பேற்றார். வட இந்தியாவில் பயணம் செய்து ஓவியங்களையும் பிற கலைப்பொருட்களையும் திரட்டினார். இத்திரட்டைக் கொண்டு காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைக்க விரும்பினார். ஆனால் அதற்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் பிரித்தானியாவுக்காகப் பணியாற்ற மறுத்த இவர், பின்னர் அமெரிக்காவுக்குச் சென்றார். 1917 இல் டென்மன் ராசு என்னும் செல்வர் இவரது திரட்டைப் பெற்றுப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். குமாரசுவாமி அங்கு இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளரானார்.

சிவ நடனம் (1918), இந்திய இந்தோனேசியக் கலை வரலாறு (1927), கலையில் இயற்கையின் உருமாற்றம் (1934) முதலிய புகழ்பெற்ற நூல்கள் இக்காலத்தில் வெளிவந்தன. தில்லை நடராசர் திருவுருவத்தின் பொருளை மேலை நாட்டு வாசகர்களுக்கு உணர்த்தியதில் முதல் நூலுக்குப் பெரும்பங்கு உண்டு.

கலைப்பொருட்களை ஏன் காட்சிப்படுத்த வேண்டும் என்ற வினாவையே தலைப்பாகக் கொண்ட நூலை 1943 இல் வெளியிட்டார். பழைய பொருட்களில் தம் இடத்தையும் பயனையும் இழந்தவற்றைப் பாதுகாப்பதே அருங்காட்சியகத்தின் கடமை என்று அதில் வாதிட்டார். அவை எதற்காக, யாருக்காக, எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதைக் கற்பிக்காத காட்சி பயனற்றது என்பது இவர் கருத்து. கோயிலிலிருந்து பிரிந்த உருவங்களுக்குத் தாமே காப்பாளராக இருந்த முரண்பாட்டுக்கு இவர் கண்ட விடையாக இதனைக் கொள்ளலாம்.

திறனாய்வுகள்

குமாரசுவாமி பழைய சமூக அமைப்பை மிகைப்படப் புகழ்ந்தார் என்றும், சாதி முறையின் கொடுமைகளுக்கு உரிய இடம் அளிக்கவில்லை என்றும் திறனாய்வாளர் கூறுவர். மரபுவழிக் கலைஞன் தன் பெயரை முன்னிறுத்துவதில்லை என்பதை இவர் பெரிதும் வலியுறுத்தினார். ஆனால் சிற்பிகள் பலரின் பெயர்களைப் பிற்கால ஆய்வாளர்கள் கல்வெட்டுகளிலிருந்து எடுத்துக்காட்டியுள்ளனர்.

மறைவும் தாக்கமும்

1947 ஆகஸ்டில் எழுபது வயது நிறைந்தபோது, பல நாட்டு அறிஞர்களின் கட்டுரைகள் அடங்கிய மலர் இவருக்குச் சிறப்பாக வெளியிடப்பட்டது. பணியிலிருந்து ஓய்வு பெற்று இந்தியாவில் வாழத் திட்டமிட்டிருந்தார். இந்தியா விடுதலை பெற்ற சில வாரங்களில், செப்டம்பர் 9 அன்று, மாசச்சூசெட்சு மாநிலத்தின் நீடம் நகரில் காலமானார்.

அயல்நாட்டு அருங்காட்சியகங்களிலுள்ள திருவுருவங்களையும் சடங்குப் பொருட்களையும் மீட்பது இன்று பல நாடுகளில் விவாதிக்கப்படுகிறது. 2014 இல் ஆஸ்திரேலியா, அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலின் நடராசர் செப்புத் திருமேனியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. 2021 இல் பிரான்சு 26 பொருட்களைப் பெனின் நாட்டுக்குத் திருப்பி அளித்தது. மீண்டு வரும் பொருள் பாதுகாப்பு அறையில் இருக்க வேண்டுமா, வழிபாட்டுக்குத் திரும்ப வேண்டுமா என்பதும் இவ்விவாதத்தில் எழும் கேள்வியாகும். சடங்கோடு சேர்த்தே கலையைப் படிக்க வேண்டும் என்று வலியுறுத்திய குமாரசுவாமியின் எழுத்துகள் இதனால் தொடர்ந்து பயிலப்படுகின்றன.